வீலிங்கில் மூன்று மணி நேரம் கேட்டு, நம் சுற்றுலாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சுற்றுலாக் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். ஜூன் மாதப் பயணத்துக்கான நிரலைப் போன வாரம் அனுப்பியிருந்தீர்கள். சனிக்கிழமை மவுண்ட்ஸ்வில் பக்கம் உள்ள ஹரே கிருஷ்ணா பக்தர்களின் பொன் மாளிகை, இரவு பிட்ஸ்பர்க், ஞாயிறு காலை வெங்கடேஸ்வரர் கோயில், மதியம் அவுட்லெட் கடைகள், அப்புறம் வீடு. இரண்டு முறை படித்துப் பார்த்தேன். மேற்கு வர்ஜீனியாவில் ஒஹாயோ ஆற்றங்கரையில் இருக்கிற வீலிங் ஊரின் பெயர் எங்கேயும் இல்லை. சென்ற ஆண்டு காகிதத்திலாவது இருந்தது. இந்த ஆண்டு அதையும் எடுத்துவிட்டீர்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். வீலிங்கில் மூன்று மணி நேரம் கொடுங்கள். பேருந்து எப்படியும் அந்த ஊர் வழியாகத்தான் போகிறது.

சென்ற ஆண்டு நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பேருந்தின் முன்பக்கம் இருந்தவர்களுக்குப் பின்பக்கம் நடந்தது தெரிந்திருக்காது, அதனால் எழுதுகிறேன். ஞாயிறு மாலை 4 மணிக்கு "வீலிங் தொங்கு பாலம், 1 மணி நேரம்" என்று நிரலில் போட்டிருந்தீர்கள். ஒரு மணி நேரம் என்று சொன்ன அவுட்லெட் இரண்டரை மணி நேரமாக இழுத்தது. வீலிங்குக்கு வந்தபோது மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. ஊருக்கு வெளியே ஒரு பெட்ரோல் பங்கில் பன்னிரண்டு நிமிடம் நிறுத்தினோம். பேருந்து நிறைய ஆட்கள், ஒரே கழிப்பறை. அதுதான் நாம் பார்த்த வீலிங்.

அந்தப் பயணத்தில் என் அப்பாவும் இருந்தார். வயது 74. திருச்சியில் நெடுஞ்சாலைத் துறையில் சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய கொள்ளிடப் பாலத்தில்தான் அவருடைய வேலைக்காலத்தின் பெரும்பகுதி போனது. 1928இல் கட்டிய இரும்புப் பாலம் அது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் தூண்கள் சரிந்தபோது, கரையில் நின்று பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தார். அப்படிப்பட்டவரிடம் போய், "அப்பா, இங்கே 1849இல் கட்டிய கம்பிப் பாலம் ஒன்று இன்னும் நிற்கிறது, போகிற வழியில் பார்க்கலாம்" என்று சொன்னவன் நான். உங்கள் நிரலை நம்பித்தான் சொன்னேன்.

அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன டைரி இருக்கும். பயணத்துக்கு ஒரு வாரம் முன்னாலிருந்தே அதில் குறித்துக்கொண்டிருந்தார். நடு இடைவெளி 1,010 அடி. கட்டி முடித்தபோது உலகத்திலேயே நீளமான தொங்கு பாலம். கட்டியவர் சார்லஸ் எல்லெட். 1854 மே மாதத்துப் புயலில் தளம் பிய்ந்து ஆற்றில் விழுந்தது, திரும்பக் கட்டினார்கள். இதற்குக் கீழே "கம்பியைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்" என்று எழுதியிருந்தார். நான் பிறகுதான் பார்த்தேன்.

பங்கில் அவர் கழிப்பறை வரிசையில் நிற்கவில்லை. முழங்கால் வலியோடு படியில் இறங்கி, ஓட்டுநரிடம் போய்ப் பாலம் எந்தத் திசையில் இருக்கிறது என்று கையைக் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் எல்லோரையும் ஏறச் சொல்லிவிட்டீர்கள். மலைக்குள் போகும் சுரங்கப் பாதையை விட்டு வெளியே வந்தால் உடனே ஆறு. பாலம் இடப்பக்கம். நாங்கள் உட்கார்ந்திருந்தது வலப்பக்கம். இடப்பக்கத் திரைகளையெல்லாம் மாலை வெயிலுக்காக இழுத்துவிட்டிருந்தார்கள். அப்பா முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். மைக்கில் ஒரு குரல்: "பெரியவரே, உட்காருங்க, விழுந்துடப் போறீங்க." உட்கார்ந்துவிட்டார். சில நொடிகளில் ஒஹாயோ ஆறு பின்னால் போய்விட்டது. வீடு வந்து சேர்கிற இரண்டு மணி நேரமும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்கறையில்தான் உட்காரச் சொன்னார்கள் என்று தெரியும். அவர் எதற்காக எழுந்தார் என்று யாராவது கேட்டிருக்கலாம்.

வீலிங்கில் பார்க்க என்ன இருக்கிறது என்று குழுவில் ஒரு அண்ணன் கேட்டதாகச் சொன்னார்கள். சொல்கிறேன். ஆற்றுக்கும் மலைக்கும் நடுவே இருக்கிற சின்ன ஊர். நடு ஆற்றில் ஒரு தீவு. அந்தத் தீவையும் ஊரையும் இணைப்பதுதான் இந்தத் தொங்கு பாலம். கிழக்கிலிருந்து மலைகளைத் தாண்டி வந்த தேசியச் சாலை 1818இல் இங்கே ஆற்றைத் தொட்டது. மேற்கே குடிபெயர்ந்த எத்தனையோ குடும்பங்கள் இந்தக் கரையில் நின்று படகுக்குக் காத்திருந்தன. பாலம் வந்ததும் பிட்ஸ்பர்க் காரர்களுக்குக் கோபம். நீராவிப் படகுகளின் புகைபோக்கி இடிக்கிறது, எங்கள் வியாபாரம் கெடுகிறது என்று பென்சில்வேனியா மாநிலமே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1852இல் நீதிமன்றம் பாலம் இடைஞ்சல்தான் என்று சொல்ல, அதே ஆண்டில் நாடாளுமன்றம் அது நாட்டின் தபால் போகிற சாலை, அப்படியே நிற்கலாம் என்று சட்டம் போட்டுக் காப்பாற்றியது. அப்பாவுக்கு இந்தக் கதையை எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது.

அப்புறம், பழைய சுங்கக் கட்டிடம். உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861இல், வர்ஜீனியாவோடு சேர்ந்து அமெரிக்காவை விட்டுப் பிரிந்துபோக மாட்டோம் என்று மலைநாட்டுக்காரர்கள் வீலிங்கில் கூடிப் பேசினார்கள். அந்தப் பேச்சு நடந்த கட்டிடம் இது. 1863 ஜூன் 20 அன்று மேற்கு வர்ஜீனியா தனி மாநிலமானது. நாம் போவதும் ஜூன் மாதம்தான். பிள்ளைகள் பள்ளியில் பாடமாகப் படிப்பதை அந்த அறையிலேயே நின்று பார்க்கலாம். சந்தைக் கட்டிடம் ஒன்று இருக்கிறது, வார்ப்பிரும்புத் தூண்களோடு 1853இல் கட்டியது, இன்றைக்கும் அங்கே கடைகள் நடக்கின்றன. பழைய ரயில் நிலையம் இப்போது கல்லூரி. ஒரு காலத்தில் எஃகும் ஆணியும் கண்ணாடியும் செய்து செழித்த ஊர். 1930இல் 61,000 பேருக்கு மேல் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 27,000 பேர். ஆலைகள் மூடின, பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் போனார்கள், வீடுகளில் பெற்றோர் மட்டும் மிஞ்சினார்கள். இதைப் புரிந்துகொள்ள நம்மைவிடத் தகுந்தவர்கள் யார்?

இங்கே நான் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஊரிலிருந்து வருகிற நம் அப்பா அம்மாக்கள் ஆறு மாதம் எப்படி இருக்கிறார்கள் என்று நமக்கே தெரியும். நாம் வேலைக்குப் போய்விடுகிறோம். வெளியே நடந்தால் நடைபாதை கிடையாது, ஏறிப் போகப் பேருந்து கிடையாது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அடுத்த வீட்டுக்காரர் புல் வெட்டுவதைப் பார்க்கிறார்கள். சனி ஞாயிறுக்காகக் காத்திருக்கிறார்கள். அந்த சனி ஞாயிறிலும் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு கடைவாசல் பெஞ்சில் உட்காரவைத்து, பைகளுக்குக் காவல் வைக்கிறோம். சென்ற ஆண்டு அந்த இரண்டரை மணி நேரமும் என் அப்பாவோடு இன்னும் பதினோரு பெரியவர்கள் அப்படி உட்கார்ந்திருந்தார்கள். நான் எண்ணினேன். நானும் ஒரு ஜோடி ஷூ வாங்கினேன், குற்றம் எனக்கும் உண்டு. ஆனால் நேரம் போதவில்லை என்றதும் எதைக் குறைப்பது என்ற கேள்வி வந்தபோது, அவர்களுடைய ஒரு மணி நேரத்தைத்தான் வெட்டினீர்கள்.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உழைப்பு எனக்குத் தெரியும். பேருந்து பிடிப்பது, அறை போடுவது, பணம் வசூலிப்பது எல்லாம் உங்கள் சொந்த நேரத்தில் செய்கிறீர்கள். அதனால் வேலையைச் சுலபமாக்குகிற மாதிரி ஒரு யோசனையும் சொல்கிறேன்.

வீலிங்கை ஞாயிறு மாலைக்குத் தள்ளாமல் சனிக்கிழமை காலையிலேயே வையுங்கள். 6:30க்குக் கிளம்பினால் 8:30க்கு அங்கே இருப்போம். 11:30க்குக் கிளம்பினால் பொன் மாளிகைக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்விடலாம், அங்கே சைவச் சாப்பாடு உண்டு. காலைக்கு இட்லிப் பொட்டலம் நான் கொண்டுவருகிறேன். பேருந்தைப் பாலத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். 2019இல் எடை வரம்பை மதிக்காமல் ஒரு சுற்றுலாப் பேருந்து அதில் ஏறிய பிறகுதான், அந்த ஆண்டே வண்டிகளுக்கு முழுவதுமாக மூடினார்கள். அப்போது வரம்பு 2 டன்தான். ஆற்றோரம் படிக்கட்டுகள் கட்டிய திடல் ஒன்று இருக்கிறது, பெரியவர்களை அதன் பக்கத்தில் இறக்கிவிட்டால் போதும். பாலத்தில் சீரமைப்பு வேலை நடந்து வந்திருக்கிறது. நடந்து போக விடுகிறார்களா என்று நகராட்சியிடம் முன்கூட்டியே நானே கேட்டுச் சொல்கிறேன். விடாவிட்டாலும் பரவாயில்லை. அந்தப் படியில் உட்கார்ந்தால் கல் கோபுரமும் கம்பியும் முழுசாகத் தெரியும்.

மூன்று மணி நேரம் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. ஒரு மணி நேரம் என்றால், முழங்கால் வலிக்காரர் இறங்கி நடந்து திரும்பவே சரியாக இருக்கும். பார்க்க நேரம் இருக்காது.

அப்பா மே கடைசியில் மறுபடி வருகிறார். போன வாரம் போனில் பேசும்போது, "அந்த ஆத்துல தண்ணி எந்தப் பக்கம்டா ஓடுது?" என்று கேட்டார். தெற்கே, மிசிசிப்பி பக்கம் என்றேன். டைரியில் எழுதிக்கொண்டிருப்பார்.

எங்கள் இருவருக்கும் இருக்கை வேண்டும். "சனி காலை, வீலிங், 3 மணி நேரம்" என்று திருத்திய நிரல் வருகிற அன்றே பணம் அனுப்பிவிடுகிறேன். தயவுசெய்து திருத்தி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சென்ற ஆண்டு வலப்பக்கம், கடைசிக்கு முந்தைய வரிசையில் இருந்த உங்கள் உறுப்பினர்