செயலாளர் ஆண்டறிக்கை: புல்லுருவிப் பதிவேடும் திருத்தங்களும்

தலைவர் அவர்களுக்கும் தாவர ஆர்வலர் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் நேராகப் புல்லுருவிக்கு, அதாவது மரக்கிளையில் ஒட்டி அதன் சாற்றை உறிஞ்சி வளரும் செடிக்கு, வருகிறேன். இவ்வாண்டு நம்மை அதிகம் அலைக்கழித்தது அதுதான்.

மாமரத்துப் புல்லுருவி, வேம்புப் புல்லுருவி, புளியமரத்துப் புல்லுருவி என்று மரத்தின் பெயரிலேயே இதுவரை பதிந்து வந்தோம். மூன்று பெயர் இருந்ததால் மூன்று இனம் என்றும் நம்பினோம். பூவைப் பார்த்தபின் மூன்றும் டென்ட்ராப்தோ ஃபால்காட்டாதான் என்று தெளிந்தது. அது 300க்கும் மேற்பட்ட தாவரங்களில் ஒட்டி வளரும். பழைய நூல்களில் வரும் லொராந்தஸ் லாஞ்சிஃப்ளோரஸும் இதுவே. அந்தப் பெயரில் இருந்த பதிவையும் இதனுடன் சேர்த்துவிட்டேன்.

இலையை நம்பிப் பயனில்லை. ஒரே இனத்திலேயே அகலமும் நீளமும் மாறும். பூவின் மடல்களை எண்ணுவதே நல்ல வழி. புல்லுருவியின் பேரினத்துக்குப் பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) அது மாறும்: டென்ட்ராப்தோவில் பெரும்பாலும் ஐந்து, மேக்ரோசோலனில் ஆறு, டாக்சில்லஸிலும் ஸ்கருல்லாவிலும் நான்கு. நான்கு என்றால் காயையும் பார்க்க வேண்டும்: அடிப்பக்கம் காம்பை நோக்கிக் குறுகினால் ஸ்கருல்லா. இதற்கெல்லாம் மரம் ஏற வேண்டாம். உதிர்ந்த பூக்கள் மரத்தடியிலேயே கிடக்கும்.

விஸ்கம் என்னும் புல்லுருவிப் பேரினம் வேறு ரகம். பூ கண்ணில் படாத அளவு சிறியது. டென்ட்ராப்தோவின் வேர் கிளையின் மேல் ஊர்ந்து ஆங்காங்கே பற்றும். விஸ்கத்தில் அப்படி வெளியே ஓடும் வேர் இல்லை. பூக்காத காலத்தில் இந்த ஒன்றே கைகொடுத்தது.

'ஒரே செடியில் இருவித இலை' என்று ஓர் உறுப்பினர் எழுதியதைப் பார்த்து முதலில் சிரித்தோம். போய்ப் பார்த்தால், டென்ட்ராப்தோவின் மேலேயே விஸ்கம் கேப்பிட்டெல்லாட்டம் ஒட்டியிருந்தது. புல்லுருவிக்கே புல்லுருவி! சிரித்தவர்களில் நானும் ஒருவன். அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

வரும் ஆண்டுப் படிவத்தில் மரத்தின் பெயருக்குத் தனிக் கட்டம் உண்டு. மடல் எண்ணிக்கைக்கும், ஒட்டிய இடத்தின் படத்துக்கும் இடம் விட்டிருக்கிறேன். பூ கிடைக்காவிட்டால் இனப்பெயரை ஊகித்து நிரப்பாமல் 'புல்லுருவி' என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். பூக்கும்போது மறுபடி போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

செயலாளர்