செல்விக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள செல்விக்கு,

இங்கு அம்மாவும் நானும் நலம். போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய், அதனால் கடிதம்.

செவ்வாய்க்கிழமை வாட்ஸ்அப்பில் ஒரே வரி கேட்டிருந்தாய், தனி ஆளுக்கு எந்த ஹெல்த் பாலிசி நல்லது என்று. மாப்பிள்ளை ஆபீஸ் பாலிசியில்தான் இவள் பெயரும் இருக்கிறதே என்றாள் அம்மா. கூடுதலாக ஒன்று இருப்பது நல்லதுதான் என்று சொல்லி வைத்தேன். அப்படித்தானே?

சரி, கேட்டதற்கு வருகிறேன். பிரீமியத்தை அப்புறம் பார். முதலில் ஆஸ்பத்திரி அறை வாடகைக்கு என்ன வரம்பு போட்டிருக்கிறது என்று பார். 5 லட்சம் பாலிசியில் 1 சதவீதம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய். நீ 10,000 ரூபாய் அறையில் படுத்தால் வாடகையில் மட்டும் கை வைக்க மாட்டார்கள். மருந்துச் செலவு போன்றவை போக, டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் என்று எல்லாவற்றையும் அதே கணக்கில் பாதியாக்கிவிடுவார்கள். அறைக்கு வரம்பே இல்லாததாக எடு. பெங்களூருக்கு 10 லட்சமாவது வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டி கிடையாது, பழைய 18 சதவீதத்தைச் சேர்த்துச் சொன்னால் விடாதே.

புதுப் பாலிசியில் முதல் 30 நாள் விபத்துக்கு மட்டும்தான் பணம் வரும். அதனால் மாப்பிள்ளை ஆபீஸ் பாலிசியில் பெயர் இருக்கிறவரை இருக்கட்டும். அதே கம்பெனியிடமே தனி பாலிசிக்கு மாறவும் வழி உண்டு, பழைய நோய்க்கெல்லாம் பணம் தராமல் காக்க வைக்கும் காலத்தில், அங்கே இருந்த வருஷங்களைக் கழித்துக்கொள்வார்கள். பிரசவத்துக்குத்தான் பல தனி பாலிசிகளில் 2 வருஷம், அதற்கு மேலும்கூடக் காத்திருக்க வேண்டும். தகவலுக்காக எழுதினேன், வேறு ஒன்றும் இல்லை.

தைராய்டு மாத்திரை சாப்பிடுவதைப் படிவத்தில் எழுது. 2021-இல் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாயே, அதையும் எழுது. எழுதினால் அதிகம் போனால் அதற்கு 3 வருஷம் காத்திருக்கச் சொல்வார்கள், இல்லை பிரீமியத்தை ஏற்றுவார்கள். ஏறட்டும். நீ சம்பாதிக்கிறாய், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. எனக்கு அதில் பெருமைதான். என்னிடம்கூட எதையும் கேட்க மாட்டாய், அதுதான் கஷ்டம்.

தெருவில் யாருக்குப் படிவம் நிரப்ப வேண்டுமென்றாலும் நம் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்கள். தாலுகா ஆபீஸில் 31 வருஷம் இருந்தவன் நான். அம்மா பாலிசிப் படிவத்தில் சர்க்கரை உண்டா என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதியதும் இதே கைதான். "எழுதினா பிரீமியம் ஏறும் சார், விடுங்க" என்றார் ஏஜென்ட். விட்டேன். 2017-இல் ஸ்டென்ட் வைத்தபோது எத்தனை வருஷமாகச் சர்க்கரை என்று டாக்டர் கேட்க, அம்மா ஆறு வருஷம் என்று சொல்லியிருக்கிறாள். டிஸ்சார்ஜ் காகிதத்தில் அது ஏறிவிட்டது. கம்பெனி ஒரு பைசா தரவில்லை, பாலிசியையும் ரத்து செய்துவிட்டது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

இன்ஷூரன்ஸ் பணம் வந்தது என்று உன்னிடம் சொன்னேன். வல்லம் மனை நல்ல விலைக்குப் போயிற்று என்றும் சொன்னேன். இரண்டும் பொய், செல்வி. உனக்கென்று வைத்திருந்த மனை அது. ஆஸ்பத்திரியில் கட்ட வேண்டியிருந்தது, கேட்ட விலைக்குக் கொடுத்தேன். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. நீயும் சொல்லிவிடாதே. தன் வாயால் வந்தது என்று நினைத்துக்கொள்வாள்.

அதனால்தான் திரும்பச் சொல்கிறேன், தைராய்டை எழுது. ஏஜென்டை நிரப்ப விடாதே, நீயே நிரப்பு. பாலிசி கைக்கு வந்த பிறகும் பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

நாமினி என்று ஒரு கட்டம் வரும். யார் பெயர் என்பது உன் இஷ்டம், நான் கேட்கவில்லை. என் பெயர் போடுவதானால் ஆதாரில் உள்ளபடி இனிஷியலைப் பின்னால் போடு.

அன்புடன்,
அப்பா