அக்காவுக்கு, நைமேகனிலிருந்து

அக்கா,

"கிருமி வளர்க்கவா பிளைட் ஏறிப் போனான்" என்று மச்சான் போனில் கேட்டாரே, பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன், அவருக்கும் வாசித்துக் காட்டு.

ஆமாம், கிருமிதான் வளர்க்கிறோம். நெதர்லாந்தில் இப்போது காலை எட்டு மணிக்கும் இருட்டு, சைக்கிள் மிதித்து வந்து சேர்வதற்குள் விரல் மரத்துப் போகிறது. கிருமிக்கு மட்டும் பாட்டிலுக்குள் 37 டிகிரி, நம்ம தங்கச்சிமடத்துச் சூடு! தீனி தின்று பெருகப் பெருக அது வாயு விடும். அந்த வாயுவைக் குழாயில் இழுத்து லேசர் வெளிச்சத்தில் காட்டுவதுதான் என் வேலை.

ஒவ்வொரு வாயுவும் தனக்கென்று உள்ள அலைநீளங்களில்தான் வெளிச்சத்தை விழுங்கும். கார்பன் டை ஆக்சைடு என்றால் 4.26 மைக்ரோமீட்டர், மீத்தேன் என்றால் 3.3 பக்கம். அந்த அளவில் லேசரை வைத்து வேகமாக விட்டுவிட்டு அடித்தால் வாயு சூடாகும், ஆறும், அழுத்தம் ஏறி இறங்கும், அதுதானே சத்தம். பக்கத்தில் மைக் வைத்துக் கேட்டுவிடலாம். வெளிச்சத்தால் சத்தம் வரும் என்று 1880-லேயே கண்டவர், டெலிபோன் கிரகாம் பெல்தான். வாயு கூடினால் சத்தமும் கூடும், அதனால் பாட்டிலைத் திறக்காமலே கிருமி எப்போது வேகமெடுத்தது, எப்போது தீனி தீர்ந்து ஓய்ந்தது என்று தெரிந்துவிடும்.

நீ திருக்கை காயப்போடும்போது மூக்கை எரிக்குமே, அது அமோனியா. திருக்கை, சுறா உடம்பில் யூரியா அதிகம், செத்த பிறகு பாக்டீரியா அதை உடைத்து அமோனியா ஆக்குகிறது. உன் மூக்குக்கு எட்டும் முன்பே லேசர் அதைப் பிடித்துவிடும். ஏலத்தில் மீன் பழசா புதுசா என்ற சண்டையை இதை வைத்தே தீர்க்கலாம் என்று எனக்கு ஆசை, ஆனால் எங்கள் கருவி மேசை நிறையக் கண்ணாடியும் வயருமாகக் கிடக்கிறது, உப்புக்காற்றுக்குத் தாங்காது.

சூடோமோனாஸ் என்று ஒன்று, நுரையீரல் நோயாளிகளைப் படுத்தும் கிருமி, ஹைட்ரஜன் சயனைடு என்ற விஷ வாயுவை விடும். சளியை எடுத்து வளர்த்துப் பார்த்தால் ஒன்றிரண்டு நாள் ஆகும், மூச்சிலேயே கண்டுபிடித்தால் நல்லது. ஆனால் நோய் இல்லாதவர் வாயிலிருந்தும் அந்த வாயு கொஞ்சம் வருகிறது, அங்கேதான் சிக்கல். விஷம் என்று அம்மாவிடம் சொல்லிவிடாதே, நாங்கள் அளப்பது நூறு கோடியில் சில பங்குதான்.

இங்கே ஹெரிங் என்ற மீனை அடுப்பில் வைக்காமலே வெங்காயம் தூவித் தின்கிறார்கள், எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை. வாடைக்காற்று அடங்கிவிட்டதா, மச்சான் தொழிலுக்குப் போகிறாரா? வாய்ஸ் மெசேஜ் போடு.

தம்பி