தபால்காரர் இல்லாத சேதி

டோம்பிவ்லி, மும்பை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் ஆச்சியும் நலமா? தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் போட்டிருக்கிறாள் என்று அம்மா பதறியிருப்பாள். பயப்பட ஒன்றுமில்லை என்று முதலில் அவளிடம் சொல்லிவிடுங்கள். முப்பது ஆண்டு தபால் பை சுமந்த உங்களுக்குச் சில விஷயங்களைத் தாளில் எழுதினால்தான் விளங்கும் என்று தோன்றியது.

சென்ற வாரம், "ராத்திரி இரண்டு மணிக்கு ஆன்லைனில் இருந்திருக்கிறாய், நான் அனுப்பியதற்கு நீல டிக்கும் விழுந்துவிட்டது, பதிலை மட்டும் காணோம்" என்று கேட்டீர்கள். நான் கோபத்தில் போனை வைத்துவிட்டேன். அன்று கொட்டிய மழையில் காலையில் ரயில் ஓடுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

அந்த நீல டிக்கை வாட்ஸ்அப் 2014 நவம்பரில் கொண்டுவந்தது. பம்பாய்க்குக் கடிதம் எழுதிப் போட்டவர்கள், அது போய்ச் சேர்ந்ததா என்றே தெரியாமல் பதினைந்து நாள் பொறுத்திருந்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். இப்போது நான் படித்துவிட்டேன் என்பது உங்களுக்குத் தெரிகிறது. ரயில் நெரிசலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு படித்தேனா, அலுவலகத்தில் வசை வாங்கிக்கொண்டிருக்கும்போது படித்தேனா என்பது தெரிவதில்லை. மிச்சத்தை உங்கள் மனம் இட்டு நிரப்பிக்கொள்கிறது, பெரும்பாலும் கெட்டதாகவே.

தாராவியிலிருந்து நம் ஊருக்கு வந்த மணியார்டர்களை, கடன் கொடுத்தவன் எதிரே நிற்கும்போது நீங்கள் எடுத்து நீட்டியதே இல்லை. இழவுத் தந்தி வந்தால், அந்த வீட்டில் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பீர்கள். தந்தியை 2013 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள். சித்தப்பா தவறிய சேதி எனக்கு எப்படி வந்தது தெரியுமா? நம் குடும்பக் குழுவில், ரோஜாப்பூ போட்ட காலை வணக்கத்துக்கும் யாரோ அனுப்பிய ராசிபலனுக்கும் நடுவில், மாலை போட்ட அவர் படமாக வந்தது. தாணே தாண்டி ஓடும் ரயிலில், உட்காரவும் அழவும் இடமில்லாமல் நின்றபடி அதைப் பார்த்தேன். அம்மாவின் அழைப்பு வருவதற்குள் நாற்பது பேர் கும்பிட்ட கைகளை அனுப்பிவிட்டார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. உங்கள் வேலையை அங்கே யாரும் செய்யவில்லை என்கிறேன்.

நான் இங்கு வந்த 2018ஆம் ஆண்டில் அதே குழுவில், பிள்ளை பிடிக்கும் வடநாட்டுக் கும்பல் ஊருக்குள் புகுந்துவிட்டதாக ஒரு குரல் பதிவு சுற்றியது நினைவிருக்கும். வடநாட்டவர் நடுவில் உட்கார்ந்து நான் அதைக் கேட்டேன். அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போன குடும்பத்தினர் வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காக, அவர்களோடு வந்த வயதான அம்மாளை அடித்தே கொன்றார்கள். ஜூலை 1 அன்று இந்த மகாராஷ்டிரத்திலேயே, துளே மாவட்டத்து ரெயின்பாடாவில், ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கும் நாடோடிகள் ஐந்து பேருக்கு அதே கதி. அங்கே தமிழில் நம்மை மிரட்டிய வதந்திதான் இங்கே இவர்களையும் மிரட்டியிருக்கிறது. அதன் பிறகு இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் திருப்பி அனுப்ப முடியாதபடி செய்தார்கள். நீங்களோ, அனுப்புநர் பெயரில்லாத உறை வந்தால் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பீர்கள்.

இதற்காக நான் போனை வெறுக்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். பெண்கள் பெட்டியில் தினமும் ஒன்றேகால் மணி நேரம் சேர்ந்து போகிற எங்களுக்கு ஒரு குழு இருக்கிறது. ஓய்வு பெறும் வயதிலிருக்கும் ஒரு மராத்தி அம்மாள் அதை நடத்துகிறார். ரயில் தாமதம், பிளாட்பார மாற்றம், நவராத்திரிக்கு எந்த நாளில் எந்த நிறப் புடவை, இவை தவிர எது போட்டாலும் உடனே அழித்துவிடுவார். கறாரில் அவர் உங்களுக்கு அக்கா. அதில் பாதிப் பேரின் பெயர் எனக்குத் தெரியாது. ஒருத்தி என் போனில் 'தாதர் பச்சைப் பை' என்றே இருக்கிறாள். போன மழைக்காலத்தில் சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவே தண்டவாளத்தில் வெள்ளம் ஏறி ரயில் நின்றுவிட்டபோது, அந்த அம்மாள் ஒவ்வொருத்தியும் எங்கே இருக்கிறாள் என்று விசாரித்து, சயானில் இருக்கும் பச்சைப் பையின் அக்கா வீட்டுக்கு என்னை அனுப்பிவைத்தார். அன்று இரவு பருப்புச் சோறும் உலர்ந்த நைட்டியும் கொடுத்தார்கள். காலையில் எழுந்துதான் அவர்கள் பெயரைக் கேட்டுக்கொண்டேன்.

கடைசியாகப் பார்த்த நேரம், நீல டிக் இரண்டையும் என் போனில் அணைத்துவிட்டேன். ஒளிக்க ஒன்றுமில்லை, உங்கள் தூக்கத்துக்காகத்தான். ஞாயிறு மாலை நானே நிதானமாகக் கூப்பிடுகிறேன். வீடியோ வேண்டாம், முகத்தைப் பார்த்ததும் ஆச்சி மெலிந்துவிட்டாய் என்று ஆரம்பித்து அதிலேயே பேச்சை முடித்துவிடுகிறாள்.

இன்னொன்று. வீட்டில் யாருக்காவது முடியாமல் போனால், குழுவில் படம் போடுவதற்கு முன் நீங்களே எனக்குச் சொல்லுங்கள். நான் ரயிலில் இருந்தால் இறங்கும்வரை பொறுங்கள். டோம்பிவ்லி பிளாட்பாரத்தில் உட்கார பெஞ்சு இருக்கிறது.

உங்கள் அன்பு மகள்