உன் ஹெல்பரை பேக்கேஜ் பண்றதுக்கு முன்னாடி, தம்பி

அன்புள்ள தம்பி,

உன் என்க்ரிப்ஷன் ஹெல்பரோட, அதாவது பிரவுசர்ல இருக்கற உன் எக்ஸ்டென்ஷனுக்கும் மெஷின்ல இருக்கற ஜிபிஜிக்கும் (மெயில பூட்டித் திறக்கற என்க்ரிப்ஷன் புரோகிராம்) நடுவுல நின்னு பேசற அந்த குட்டி புரோகிராமோட, சோர்ஸ் முழுக்க படிச்சேன். கிரிப்டோ பக்கம் குறை சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல, எல்லாத்தையும் ஜிபிஜி கிட்டயே விட்டுட்ட, சொந்தமா எதையும் கண்டுபிடிக்கப் போகல, அதுவே பாதி நிம்மதி. ஆனா இன்ஸ்டால் பண்ற பக்கத்துல "இந்த ஸ்கிரிப்ட்ட கர்ல்ல எடுத்து அப்படியே சூடோ பாஷுக்கு பைப் பண்ணுங்க"ன்னு போட்டிருக்க பாரு, அதாவது நெட்ல இருந்து இறக்கி அப்படியே அட்மின் அதிகாரத்தோட ஓட்டச் சொல்றது, அதுக்குத்தான் இந்த லெட்டர். தன் மெயில வேற யாரும் படிக்கக் கூடாதுன்னு நினைக்கற ஆளுகிட்டயே போய், படிச்சுக்கூட பாக்காத ஸ்கிரிப்ட்டுக்கு ரூட் (மெஷின் மேல முழு அதிகாரம்) குடுன்னு கேக்கறோமே, நல்லாவா இருக்கு?

டெபியன் மாதிரி லினக்ஸ் டிஸ்ட்ரோ (லினக்ஸ தொகுத்துக் குடுக்கறவங்க) வழியா முறையா இன்ஸ்டால் ஆகற பேக்கேஜா போடலாம்னு சொன்னதுக்கு, "பேக்கேஜ்ல என்ன இருக்கு, ஒரு பைனரி, ஒரு ஜேசான் ஃபைல், அவ்ளோதானே"ன்னு கேட்ட. ஆமா, ரெண்டே ஃபைல்தான், ஓடற புரோகிராம் ஒண்ணு, ஜேசான்ங்கற டெக்ஸ்ட் வடிவத்துல விவரம் எழுதின ஃபைல் ஒண்ணு. சிக்கல் முழுக்க அந்த ரெண்டாவது ஃபைல்லதான்.

பழைய காலத்துல என்பிஏபிஐ பிளகின்னு ஒண்ணு இருந்துச்சு, பிரவுசர் உள்ளயே நேட்டிவ் கோட், அதாவது மெஷின்ல நேரா ஓடற கோட், ஓடும். குரோம் 45ல, அதாவது 2015ல, அத மொத்தமா தூக்கிட்டாங்க, ஃபயர்ஃபாக்ஸ் 2017ல 52வது வெர்ஷன்ல ஃபிளாஷ மட்டும் விட்டுட்டு மத்தத நிறுத்திடுச்சு. அதுக்கப்புறம் எக்ஸ்டென்ஷனுக்கு வெளிய இருக்கற ஜிபிஜியையோ ஸ்மார்ட் கார்டையோ தொடணும்னா நேட்டிவ் மெசேஜிங்தான் வழி. பிரவுசர் உன் பைனரிய தனி பிராசஸா கிளப்பும், எஸ்டிடிஇன் எஸ்டிடிஅவுட் (புரோகிராமோட உள்வாசல், வெளிவாசல்) வழியா பேசும், ஒவ்வொரு மெசேஜுக்கும் முன்னாடி 4 பைட்ல நீளம், அப்புறம் ஜேசான். ஜிபிஜிக்காரங்களே 2018ல ஜிபிஜிமி (மத்த புரோகிராம்கள் ஜிபிஜிய கூப்பிட உதவற லைப்ரரி) கூட ஜிபிஜிமி-ஜேசான்னு ஒரு டூல் குடுத்தாங்க, மெயில்வெலோப்ங்கற மெயில் என்க்ரிப்ஷன் எக்ஸ்டென்ஷன் ஜிபிஜிய யூஸ் பண்ணும்போது அதோடதான் பேசுது. இந்த அமைப்போட அழகு என்னன்னா பிரைவேட் கீ (மெயில திறக்கற ரகசிய சாவி) பிரவுசர் பக்கமே வராது, பாஸ்ஃபிரேஸ் (அந்த சாவியோட பாஸ்வேர்ட்) கேக்கறதும் ஜிபிஜியோட பின்என்ட்ரி விண்டோதான். உன் ஹெல்பர்ல பாஸ்ஃபிரேஸ ஜேசான்லயே அனுப்பலாம்னு ஒரு ஆப்ஷன் விட்டிருக்க, அத தயவுசெஞ்சு எடுத்துடு.

சரி, அந்த ஜேசான் ஃபைலுக்கு வரேன், மேனிஃபெஸ்ட்னு சொல்வாங்க. பைனரி எங்க இருக்கு, எந்த எக்ஸ்டென்ஷன் அத கூப்பிடலாம்னு பிரவுசருக்கு சொல்றது அதுதான். குரோம்ல எக்ஸ்டென்ஷன் ஒரிஜின (அதோட அட்ரஸ்) முழுசா எழுதணும், எல்லாத்துக்கும் பொருந்தற வைல்ட்கார்ட் குறி செல்லாது, ஃபயர்ஃபாக்ஸ்ல எக்ஸ்டென்ஷன் ஐடிய வேற ஃபீல்டுல எழுதணும், அதனால ரெண்டுக்கும் தனித்தனி ஃபைல். உன் லேப்டாப்ல டெஸ்ட் பண்ண அன்பேக்ட் (ஸ்டோர் வழியா வராம ஃபோல்டர்ல இருந்து நேரா ஏத்தின) எக்ஸ்டென்ஷனோட ஐடியும் உன் அனுமதி லிஸ்ட்ல கிடக்கு, ரிலீஸ்ல அது போகக் கூடாது. இன்னொண்ணு, அந்த லிஸ்ட் கட்டுப்படுத்தறது பிரவுசர மட்டும்தான். அதே யூசர்ல ஓடற வேற எந்த புரோகிராமும் உன் பைனரிய நேரா ஓட்டலாம், லிஸ்ட் அத தடுக்காது, அத நம்பி உள்ள எந்த செக்கையும் குறைச்சுடாத.

இப்போ அந்த ஃபைல எங்க வைக்கறது? உன் ஸ்கிரிப்ட், சூடோ போட்ட யூசரோட ஹோம் ஃபோல்டருக்குள்ள எழுதுது. பேக்கேஜோட போஸ்ட்-இன்ஸ்டால்லயும் (இன்ஸ்டால் முடிஞ்சதும் ஓடற ஸ்கிரிப்ட்) அதையே பண்ணலாம்னு நினைச்சா, அது ரூட்டா ஓடும், ரூட்டோட ஹோம்லதான் போய் விழும், மெஷின யூஸ் பண்ற ஆளுக்கு ஒண்ணும் வராது. பேக்கேஜ் எந்த யூசரோட ஹோமையும் தொடவே கூடாது. சிஸ்டம் ஃபோல்டர்தான் சரி, ஃபயர்ஃபாக்ஸுக்கு லிப்-மொசில்லா (சில டிஸ்ட்ரோல லிப்64), குரோமோட ஓப்பன் சோர்ஸ் வடிவமான குரோமியத்துக்கு இடிசி-க்குள்ள (சிஸ்டம் கான்ஃபிக் ஃபைல் இருக்கற ஃபோல்டர்) குரோமியம், கூகுள் குரோமுக்கு இடிசி-ஆப்ட்-குரோம், ஒவ்வொண்ணுக்கும் உள்ள நேட்டிவ்-மெசேஜிங்-ஹோஸ்ட்ஸ்.

இதுல ஒரு வில்லங்கம் இருக்கு, இதுக்காகத்தான் உன் ஸ்கிரிப்ட்ட சீக்கிரம் எடுன்னு கெஞ்சறேன். ரெண்டு பிரவுசருமே ஹோம்ல இருக்கற மேனிஃபெஸ்ட்டத்தான் மொதல்ல பாக்கும், சிஸ்டத்துல இருக்கறத அப்புறம்தான். ஸோ இன்னைக்கு உன் ஸ்கிரிப்ட்ட ஓட்டினவங்க நாளைக்கு டிஸ்ட்ரோ பேக்கேஜ ஒழுங்கா இன்ஸ்டால் பண்ணாலும் ஓடறது பழைய பைனரிதான், செக்யூரிட்டி ஃபிக்ஸ் வந்து இறங்கியிருக்கும், பேக்கேஜ் மேனேஜர் எல்லாம் அப்டுடேட்னு சொல்லும், அவங்களும் நம்பிட்டு இருப்பாங்க. எர்ரர் ஒண்ணும் வராது, அதான் பயம்.

டெபியன்ல இன்னொரு கூத்து. இடிசி-க்குள்ள வர்ற ஃபைல் எல்லாம் கான்ஃபிக் ஃபைல் கணக்கு, பேக்கேஜ ரிமூவ் பண்ணா அது போகாது, பர்ஜ் (கான்ஃபிக்கோட சேத்து அழிக்கறது) பண்ணாத்தான் போகும். பைனரி போயிடும், குரோமியம் மேனிஃபெஸ்ட் மட்டும் அனாதையா நிக்கும், அப்போ எக்ஸ்டென்ஷனுக்கு கனெக்ஷன் உடனே அறுந்துடும். அந்த நேரத்துல "ஹெல்பர் இல்ல"ன்னு தெளிவா ஒரு வரி காட்டு, இப்போ மாதிரி சும்மா சுத்திக்கிட்டே இருக்கற லோடிங் வட்டம் வேணாம்.

நான் முக்கியமா சொல்ல வந்தது வேற. உன் எக்ஸ்டென்ஷன் ஸ்டோர்ல இருந்து தானா அப்டேட் ஆகும், நீ அனுப்பி கொஞ்ச நாள்ல எல்லார்கிட்டயும் புதுசுதான். ஹெல்பர் அப்படி இல்ல. டெபியன் ஸ்டேபிள்ல போய் உக்காந்துடுச்சுன்னா அடுத்த ரிலீஸ் வர சுமார் 2 வருஷம், அதுவரைக்கும் செக்யூரிட்டி ஃபிக்ஸ் தவிர அதே வெர்ஷன்தான். அதனால புது எக்ஸ்டென்ஷன் பழைய ஹெல்பர்கிட்ட பேசறதுதான் சாதாரண நிலைமை, அபூர்வம் இல்ல. மொதல் மெசேஜே வெர்ஷன் கேக்கறதா இருக்கணும், உனக்கு என்னென்ன ஆபரேஷன் தெரியும்னு ஹெல்பர் பதில் சொல்லணும், தெரியாத ஆபரேஷன் வந்தா செத்து விழாம எர்ரர் ஜேசான் குடுக்கணும். இப்போ உன்னோடது புரியாத ஃபீல்டு ஒண்ணு வந்தாலே எக்ஸிட் ஆகுது. இத சரி பண்ணாம எந்த டிஸ்ட்ரோக்குள்ளயும் போகாத, அப்புறம் அந்த முதல் வெர்ஷனுக்கு வருஷக்கணக்குல நீதான் பதில் சொல்லணும்.

பேக்கேஜ் பிரவுசர டிபென்ட்ஸ்ல (இது கட்டாயம் வேணும்ங்கற லிஸ்ட்) போடக்கூடாது, என்ஹான்ஸஸ் (இது இருந்தா அதுக்கு உதவும்ங்கற குறிப்பு) போதும், யார் எந்த பிரவுசர் வச்சிருக்காங்கன்னு நமக்கு என்ன தெரியும். உபுண்டு 21.10ல இருந்து ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப்பா வருது, பிளாட்பேக் ஆளுங்களும் இருக்காங்க, ரெண்டுமே புரோகிராம சாண்ட்பாக்ஸ்ங்கற மூடின கூண்டுக்குள்ள வச்சு ஓட்டற வகை. அந்த சாண்ட்பாக்ஸ் உள்ள இருந்து வெளிய இருக்கற பைனரிய நேரா கிளப்ப முடியாது, போர்ட்டல் மாதிரி ஒரு இடைவழி வேணும். அது உன் தப்போ என் தப்போ இல்ல, டாக்குமென்டேஷன்ல ஒரு பாரா எழுதி வச்சுடு.

மத்தது சின்னச் சின்னது. எஸ்டிடிஅவுட்ல டீபக் பிரின்ட் (சோதனைக்காக எழுதற வரி) ஒண்ணு விட்டிருக்க, ஒரு எழுத்து அங்க விழுந்தாலும் பிரவுசர் அத நீளம்னு நினைச்சு கனெக்ஷன வெட்டிடும், எஸ்டிடிஎர்ருக்கு (எர்ரர் மெசேஜுக்கான தனி வாசல்) மாத்து. விண்டோஸ்ல ரெண்டு ஸ்ட்ரீமையும் பைனரி மோடுக்கு மாத்தலன்னா நியூலைன் மாறி இதே கதைதான். ஹெல்பர்ல இருந்து பிரவுசருக்கு ஒரு மெசேஜ் 1 எம்பிய தாண்டக் கூடாது, கொஞ்சம் பெரிய அட்டாச்மென்ட்ட டீகிரிப்ட் பண்ணாலே தாண்டிடும், அதனால துண்டு துண்டா அனுப்பு, ஜிபிஜிமி-ஜேசான்ல கெட்மோர்னு ஒரு ஆபரேஷன் இருக்கு, அத பாரு.

வெர்ஷன் பேச்சையும் அந்த எக்ஸிட்டையும் சரி பண்ணிட்டு ஒரு டேக் (வெர்ஷன் குறி) போடு, டார்பால (சோர்ஸ் மொத்தமும் கட்டின ஃபைல்) சைன் பண்ணி வை. பேக்கேஜுக்கான டெபியன் ஃபோல்டர் பாதி எழுதி வச்சிருக்கேன், மீதிய நான் பாத்துக்கறேன். கர்ல் வரி மட்டும் இன்னைக்கே போகட்டும், பழைய ஹோம் மேனிஃபெஸ்ட்ட அழிக்கறது எப்படின்னு அதே இடத்துல எழுதிடு.

அன்புடன்,
உன் பேக்கேஜ்கார அண்ணன்