மகளின் முதல் நர்ஸ் வேலை பற்றி

அன்புள்ள தோழி,

கடிதம் கிடைத்தது. மகள் நர்சிங் முடித்துவிட்டாள் என்று படித்ததும் மனம் குளிர்ந்தது. விண்ணப்பம் போட்ட எந்த இடத்திலிருந்தும் பதில் இல்லை என்கிறாயே, அதற்கு மதிப்பெண் காரணமாக இருக்காது. புதிதாக முடித்தவர்களின் விண்ணப்பம் பல நேரம் காகிதத்தில்தான் சிக்கிக்கொள்கிறது.

முதலில் நர்சிங் கவுன்சில் பதிவு. விண்ணப்பம் போடப் பதிவு எண் வரும்வரை காத்திருக்க வேண்டாம். 'பதிவுக்கு விண்ணப்பித்தாயிற்று' என்று தேதியோடு பயோடேட்டாவில் எழுதட்டும். பட்டச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பார்க்கச் சொல். பதிவு இழுத்தடிப்பது அங்கேதான். உயிர்காப்புப் பயிற்சியான பி.எல்.எஸ். அட்டை பொதுவாக 2 ஆண்டுதான் செல்லும், தேதியைப் பார்க்கட்டும்.

பயோடேட்டா ஒரே பக்கம் போதும். 'கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து செயல்படுபவர்' போன்ற வரிகளை யாரும் படிப்பதில்லை, எடுத்துவிடலாம். எந்த வார்டில் எத்தனை மணி நேரம் பயிற்சி, ஒரு ஷிப்டில் எத்தனை நோயாளிகளைப் பார்த்தாள், எதைத் தானே செய்தாள், எதை மேற்பார்வையில் செய்தாள் என்று எழுதினால் படிப்பார்கள். கடைசிப் பயிற்சி நடந்த வார்டின் சிஸ்டரிடம் பரிந்துரைக்கு இப்போதே அனுமதி கேட்கட்டும். நாள் போனால் அவருக்கு முகம் மறந்துவிடும். அந்த வார்டிலேயே காலியிடம் உண்டா என்று கேட்பதிலும் வெட்கம் வேண்டாம்.

இன்டர்வியூவில் மருந்துக் கணக்கு வரும். 500 மி.லி. திரவம் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும், திரவம் ஏற்றும் குழாய் செட்டில் மி.லி.க்கு 20 சொட்டு என்றால், 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுக்க வேண்டும்: நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. மணியை நிமிடமாக்க மறப்பது ஒரு தவறு. மி.லி.க்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட்டைக் கவனிக்காதது இன்னொன்று. விடை வந்ததும் 'இது நம்பக்கூடிய எண்ணா?' என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கும் பழக்கம் இருந்தால், கேட்பவருக்கே பிடித்துப்போகும்.

கணக்கைவிட முக்கியம் சூழ்நிலைக் கேள்வி. 'ஆபரேஷன் முடிந்த மறுநாள், 120/80 இருந்த பி.பி. 90/60 ஆகிவிட்டது, நாடி 120. என்ன செய்வாய்?' பாதிப்பேர் 'டாக்டரைக் கூப்பிடுவேன்' என்று நிறுத்திக்கொள்கிறார்கள். கூப்பிடத்தான் வேண்டும், ஆனால் கையில் விவரம் வேண்டுமே! உதவிக்கு ஆள் அழைத்துக்கொண்டே நோயாளியிடம் போய், நினைவு இருக்கிறதா, மூச்சு எப்படி என்று பார்த்து, பி.பி.யைத் திரும்ப எடுத்து, காயக்கட்டு ரத்தத்தில் நனைந்திருக்கிறதா, காயத்திலிருந்து கசிவை வெளியேற்றும் டிரெயின் குழாயில் ரத்தம் வருகிறதா, சிறுநீர் குறைந்திருக்கிறதா, நரம்பில் போட்ட ஐ.வி. லைன் ஓடுகிறதா என்று நோக்க வேண்டும். பிறகு போனில் நான்கே விஷயம்: இப்போது என்ன நிலை, பின்னணி என்ன, நான் கண்டது என்ன, உங்களிடம் வேண்டுவது என்ன. எஸ்.பி.ஏ.ஆர். என்று கல்லூரியில் படித்திருப்பாள், ஆனால் வாயில் பழகியிருக்காது. நீயே டாக்டராக உட்கார்ந்து கேள், அவள் சொல்லிப் பழகட்டும்.

இனி அவள் கேட்க வேண்டியவை. சம்பளம், பெரிய பெயர் எல்லாம் இரண்டாம் பட்சம். முதல் மூன்று மாதம் பக்கத்தில் நின்று சொல்லித்தர ஒரு சீனியர் இருப்பாரா, அந்த நாட்களில் அவளைத் தனி ஆளாக எண்ணி நோயாளிகளைப் பிரித்துவிடுவார்களா, நைட் டியூட்டி எப்போது தொடங்கும், ஒரு நர்ஸுக்கு எத்தனை பேர் என்று கேட்கட்டும். 'ஒரு வாரத்தில் பழகிவிடும்' என்று பதில் வந்தால் நான் அந்த இடத்தைத் தவிர்ப்பேன். அங்கே ஆள் நிற்காததால்தான் அவசரப்படுகிறார்கள். ஐ.சி.யு.தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாளாமே, முறையான பயிற்சி இருந்தால் போகட்டும். இல்லையென்றால் பொது வார்டே மேல். ஒப்பந்தத்தில் பாண்ட் காலமும், அதாவது கட்டாயம் வேலை பார்க்க வேண்டிய காலமும், இடையில் விட்டால் கட்ட வேண்டிய தொகையும் எழுத்தில் இருக்கிறதா என்று படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். அசல் சான்றிதழைக் காட்டலாம், விட்டுவிட்டு வரக்கூடாது.

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி-க்கான தடுப்பூசி மூன்றும் போட்டாளா என்று எழுது. 0, 1, 6 மாதக் கணக்கு என்பதால் இப்போது தொடங்கினாலும் முடிய அரை வருடம் ஆகும். பயோடேட்டாவை அனுப்பி வை, சிவப்பு மையோடு காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் தோழி