ஸ்கேனர் கையேடுகள் தமிழில் வர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூர், கரூர், பெருந்துறைப் பகுதிகளின் ஆடை நிறுவனங்களில் பேக்கிங் பிரிவுக்குப் பார்கோடு ஸ்கேனரும் வைஃபை கருவிகளும் அன்றாடத் தேவைகளாகிவிட்டன. அவற்றைக் கையாளுவோரில் பெரும்பாலோர் அவிநாசி, பல்லடம், காங்கேயம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் பெண்கள். ஆனால் கருவியோடு வரும் கையேட்டில் தமிழ் இருப்பதில்லை. வருடி (ஸ்கேனர்), திசைவி (ரவுட்டர்), அருகலை (வைஃபை) என்று கலைச்சொற்கள் ஆக்கப்பட்டிருப்பதும், தமிழக அரசின் சொற்குவைத் தளம் இத்தகைய சொற்களைத் தொகுத்து வருவதும் மகிழ்ச்சி தருகின்றன. எனினும், அந்தச் சொல் குறிக்கும் பொருள் என்ன வேலை செய்கிறது என்ற விளக்கம் தொழிலாளியின் கைக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதே என் குறை.

சில்லறைப் பொருள்களில் காணும் பார்கோட்டின் 13 இலக்கங்களை எடுத்துக்கொள்வோம். கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண். முதல் 12 இலக்கங்களை இடமிருந்து மாறிமாறி 1, 3 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, அந்தத் தொகையை அடுத்த பத்தின் மடங்காக்க எவ்வளவு வேண்டுமோ அதையே அந்த இடத்தில் வைக்கிறார்கள். கையால் எண்ணைத் தட்டும்போது ஓர் இலக்கம் பிசகினாலும் கணினி ஏற்க மறுப்பது இதனால்தான். தொடக்கத்தில் 890 இருந்தால் பொருள் இந்தியாவில் செய்யப்பட்டது என்று படித்தவர்களே சொல்லக் கேட்கிறேன். அந்த எண்வரிசை ஜிஎஸ்1 இந்தியா அமைப்பின் வழியாக வழங்கப்பட்டது என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை.

லேபிள் அச்சிடுவோருக்கும் இந்த விளக்கம் தேவை. கோடுகளின் இருபுறமும் விடும் வெற்றிடத்தை அழகுக்காக விட்டது என்று நினைத்து எழுத்துகளால் நிரப்பிவிட்டால், கோடுகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பதை ஸ்கேனரால் பிரித்தறிய முடியாது. வெள்ளைத் தாளில் சிவப்புக் கோடுகளை அச்சிட்டால், சிவப்பு ஒளியால் படிக்கும் ஸ்கேனருக்குத் தாளும் கோடும் ஒன்றுபோலவே தெரியும். லேசர் ஸ்கேனர் கோடுகளை மட்டும் படிக்கும். 1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் உருவாக்கிய க்யூஆர் கோடு போன்ற கட்டக் குறியீடுகளுக்குப் படம்பிடித்துப் படிக்கும் வகை வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் கருவி வாங்கினால் பணம் வீண்.

வைஃபையில் குழப்பம் இன்னும் அதிகம். உள் வலையமைப்பை இணையத்தோடு இணைப்பது ரவுட்டர். கம்பிவழி வரும் இணைப்பை அலையாக்கித் தருவது ஆக்சஸ் பாயின்ட். வீடுகளுக்கு வாங்கும் ஒரே பெட்டியில் இரண்டும் சேர்ந்திருப்பதால் நாம் இரண்டையும் ஒன்றென்றே எண்ணிவிடுகிறோம். நீண்ட கிடங்கில் ரவுட்டர் ஒன்றே போதாது, ஆக்சஸ் பாயின்ட்டுகளைக் கூட்ட வேண்டும் என்பது அதனால் எட்டுவதில்லை. தகர ஷீட்டும் இரும்பு ரேக்கும் அலையைத் தடுக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது என்றாலும் சுவரைத் தாண்டுவதில் 2.4 கிகாஹெர்ட்ஸைவிடப் பின்தங்கியது. அந்த 2.4-இலும் அலைவரிசையைப் பிரித்து எண்ணிட்ட சேனல்களில் 1, 6, 11 ஆகியவையே ஒன்றோடொன்று மோதாதவை. பக்கத்துப் பக்கத்துக் கருவிகளை ஒரே சேனலில் விட்டுவிட்டு, ஸ்கேனர் மந்தமாக இருக்கிறது என்று அதை இயக்கும் பெண்ணைக் கடிந்துகொள்வது நியாயமாகாது.

எனவே, இக்கருவிகளை இங்கு விற்கும் நிறுவனங்கள் ஒவ்வொன்றோடும் இரண்டு பக்கத் தமிழ் விளக்கத்தாளையாவது தர வேண்டும். ஸ்கேனர், ரவுட்டர் என்று தொழிலாளர் அறிந்த பெயரையும் கலைச்சொல்லையும் அதில் அருகருகே அச்சிடலாம். வட மாநிலங்களிலிருந்து வந்து உழைப்போருக்கு அவர்கள் மொழியிலும் அத்தாள் கிடைப்பது முறை. தொழிற்பயிற்சி நிலையங்களின் ஆசிரியர்கள் வரைவைப் பார்த்துத் திருத்தித் தர முன்வர வேண்டும். தங்கள் நாளிதழும் தொழில் பக்கத்தில் வாரம் ஒரு கருவியைப் படத்துடன் விளக்கி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அவிநாசி.